உலர்த்தும் அறையில் மூன்று தட்டு

சின்னவள் பிறவியிலேயே பிடிவாதக்காரி. அதோடு மல்யுத்தமும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்! பதினைந்து வயதில், பள்ளி அணியின் நாற்பத்தாறு கிலோ பிரிவில் அவளை அசைக்க ஆளில்லை. அசைத்தது எடை பார்க்கும் இயந்திரம்தான். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போட்டிக்கான எடை பார்ப்பு. இன்று மத்தியானம் ஏறி நின்றால் நாற்பத்தேழு கிலோவையும் தாண்டி முள் நின்றது.

பெரியவளுக்குப் பதினேழு வயது. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற ரகம். வீட்டில் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்றே பெயர். அன்றைக்கு அவள் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. தங்கை போட்டிருந்த திட்டம் அப்படி.

அவர்கள் குடும்பத்துக்குச் சலவைக்கடை. வீடு மேலே, கடை கீழே. முன்னால் துணி வாங்கும் மேசை, அதற்குப் பின்னால் துவைக்கும் இயந்திரங்கள், டிரையர், கடைக்கோடியில் உலர்த்தும் அறை. டிரையரில் போடக்கூடாத கம்பளித் துணிகளை அங்கே கம்பியில் தொங்கவிட்டு ஹீட்டரைப் போட்டுவிடுவார்கள். கனமான கதவு. தாழ் போடாவிட்டால் தானாகத் திறந்துகொண்டு சூட்டை எல்லாம் வெளியே விட்டுவிடும். தாழ்ப்பாளோ வெளிப்பக்கம் மட்டும்தான். அந்த அறைக்குள் அரை மணி நேரம் நின்று, வேர்த்து வேர்த்தே மிச்ச எடையைக் கழற்றிவிடப் போகிறாளாம். கோட்டுக்குப் போடுகிற நீளமான பிளாஸ்டிக் உறையில் கைக்கும் தலைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நடுவுல திறந்துடாதக்கா. சூடெல்லாம் போயிடும்."

"உள்ள மயங்கி விழுந்துட்டா?"

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவை மூணு தட்டு தட்டுறேன். சத்தம் கேட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். போதுமா, பயந்தாங்கொள்ளி?"

போதாதுதான். நேற்று மத்தியானத்திலிருந்து இவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கால் வீக்கம் வடிய டாக்டர் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த தண்ணீர் மாத்திரையில் நேற்று இரண்டு, இன்று காலை இரண்டு எடுத்து விழுங்கியிருந்தாள். உடம்பில் இருக்கிற நீரையெல்லாம் மூத்திரமாக வெளியேற்றிவிடுகிற மாத்திரை அது. பெரியவள் கண்ணால் பார்த்தாள். "அம்மாகிட்ட வாயைத் திறந்தே, நான் உன் தங்கச்சியே இல்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள் சின்னவள். அப்பா மல்யுத்தத்துக்கு அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். ஏதாவது ஒன்று என்றால் அன்றோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லியும் இருந்தார். இந்த மாத்திரை சமாசாரம் காதில் விழுந்தால் அவ்வளவுதான்.

அம்மாவும் அப்பாவும் ஓட்டலுக்கு விரிப்புகளைக் கொடுக்க வேனில் போயிருந்தார்கள். திரும்பி வர ஐந்து மணியாகும். மூன்று பத்துக்குப் பெரியவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

டொக், டொக், டொக். முதல் தட்டு வந்தது. அடுத்ததும் வந்தது. துவைத்து முடித்த துணிகளை அள்ளி டிரையருக்குள் திணித்து ஓடவிட்டாள். அதற்குள் முன்னால் மணி அடித்தது.

வந்தவர் ஒரு வாடிக்கையாளர். கடையில் அவருக்கு வைத்த பெயர் 'கறைக்காரர்'. வெள்ளைத் தாளைக் கொடுத்தாலும் அதில் ஒரு கறையைக் கண்டுபிடிப்பார். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "இங்க பாரும்மா, இங்க" என்று ஆரம்பித்தார். பெரியவள் ஒரு காதை அவருக்கும் ஒரு காதைப் பின்பக்கத்துக்கும் கொடுத்தாள். டொக், டொக், டொக். அப்பாடா. அவர் காலரைக் காட்டினார். டொக், டொக், டொக். கைமடிப்பைக் காட்டினார். எப்போது கவனித்தாலும் தட்டு கேட்டது. பெரியவளுக்கு நெஞ்சு லேசானது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரவேண்டிய சத்தம் எப்போதும் கேட்கலாமா என்று அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கறைக்காரர் ஒருவழியாகக் கிளம்பினார். மணி மூன்று முப்பத்தைந்து. டிரையர் பீப் என்று கூவிவிட்டு நின்றது.

தட்டும் நின்றது.

பெரியவள் கையில் துணியோடு அப்படியே நின்றாள். ஒரு நிமிடம். ஒன்றரை. கடைக்குள் ஹீட்டரின் முனகல் மட்டும்தான். டிரையரின் கதவை இழுத்துத் திறந்தாள். மேலாகவே கிடந்தது, மெக்கானிக் ஒருவருடைய உடுப்பு. கட்டை விரல் அளவுக்குப் பித்தளைப் பொத்தான்கள். அந்த மாதிரித் துணியைப் பொத்தான் மாட்டி, உட்புறம் வெளியே திருப்பித்தான் டிரையரில் போடவேண்டும். அப்பா சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்த பாடம். இன்றைக்கு அவசரத்தில் மறந்துபோனாள். இவ்வளவு நேரமும் இரும்பு உருளையில் தட்டிக்கொண்டிருந்தது அந்தப் பொத்தான்கள்தான்.

ஓடினாள். தாழ்ப்பாள் வழுக்கியது. அதைத் தள்ளியதும் கதவு தானாகவே திறந்தது, ஏனென்றால் சின்னவள் அதில் சாய்ந்துதான் கிடந்தாள். அனலோடு சேர்ந்து வெளியே சரிந்தாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. வேர்வையே இல்லை. வலது கை மட்டும் இன்னும் முஷ்டியாக மடங்கியிருந்தது.

"ஏய்! ஏய், என்னைப் பாருடி!"

சின்னவள் ஏதோ உளறினாள். எடை, பஸ், செருப்பு என்று தலையும் வாலும் இல்லாத வார்த்தைகள். பெரியவள் அழுதுகொண்டே ஸ்வெட்டர்களை உருவினாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தாள். துவைக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரோடு கிடந்த விரிப்புகளை வாரிக்கொண்டு வந்து தங்கைமேல் போர்த்தினாள். மேசை விசிறியைத் தரையில் வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டாள். பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல்.

"ஈரத்துணியை மாத்திக்கிட்டே இரும்மா. வாயில தண்ணி ஊத்தாத, மூச்சுல போயிடும். வண்டி கிளம்பிடுச்சு. ஏதாவது மாத்திரை மருந்து சாப்பிட்டாங்களா?"

பெரியவளின் கணுக்காலை ஒரு கை பிடித்தது. சுடுகிற கை. சின்னவளின் கண் பாதி திறந்திருந்தது. இவ்வளவு நேரம் உளறிய வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

"சொல்லாத."

"ஹலோ, கேக்குதாம்மா?"

பெரியவளுக்கு அந்தக் கணத்தில் எல்லாவற்றுக்கும் பயமாக இருந்தது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, இனி ஆயுசுக்கும் பேசமாட்டாளே என்று தங்கைக்கு. ஆனால் பிடித்த பிடி தளர்ந்து, அந்தக் கை தரையில் தொப்பென்று விழுந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவளுக்கு மிச்சமில்லை.

"அப்பாவோட தண்ணி மாத்திரை. நேத்து ரெண்டு, இன்னிக்கு ரெண்டு. நேத்துலேர்ந்து தண்ணியே குடிக்கல. எடை குறைக்க சூடான ரூம்ல இருந்தா." மூச்சு வாங்கியது. "கதவைத் தாழ் போட்டது நான்தான்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுருக்கமாகப் பேசினார். உடம்பில் உப்புச் சத்து அடிமட்டத்துக்குப் போய், இதயத் துடிப்பே தாறுமாறாகியிருந்ததாம். மாத்திரை விவரம் முன்கூட்டியே வந்ததால் எதை ஏற்றவேண்டும், எதை ஏற்றக்கூடாது என்று தாமதமில்லாமல் முடிவெடுக்க முடிந்ததாம். தெரியாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா கேட்டாள். டாக்டரம்மா அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அப்பா கடைக்குப் போய், உலர்த்தும் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் பயிற்சியாளர் வந்தார். கட்டிலின் ஓரத்தில் நின்று, "எடை ஏறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேல் பிரிவுல இறக்கியிருப்பேனே, ஏம்மா கேக்கல?" என்றார். சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இந்த வருடம் எந்தப் பிரிவிலும் கிடையாது என்று அவர் வெளியே அப்பாவிடம் சொன்னது பெரியவள் காதில் விழுந்தது.

மறுநாள் காலை எட்டு மணி. அங்கே எடை பார்க்கிற நேரம். இங்கே சின்னவள் கையில் ஊசியோடு இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் விழித்ததிலிருந்து அக்காவிடம் அவள் பேசியது ஒன்றே ஒன்று: "காட்டிக்குடுத்துட்டல்ல." பெரியவள் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

டொக், டொக், டொக்.

கட்டிலின் இரும்புக் கம்பியில் வந்த சத்தம். பெரியவள் திடுக்கிட்டு எழுந்தாள். சத்தத்தை நம்பி உட்கார்ந்திருக்க இனி அவளால் ஆகாது. கட்டிலைச் சுற்றிப் போய், தட்டியது தங்கையின் விரல்தான் என்று கண்ணால் பார்த்தாள். பார்த்த பிறகும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.