வாங்காத பணத்துக்கு ரசீது

நவம்பர் பிறந்தபோது, அம்சவேணியின் பொறுப்பில் இருந்த முப்பத்தெட்டுப் பள்ளிகளுக்கும் மதிய உணவுப் பணம் நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. அரிசி மட்டும் தவறாமல் லாரியில் வந்து இறங்கியது. பருப்பு, எண்ணெய், காய்கறி, காஸ், சமைக்கிற பெண்களின் கூலி எல்லாம் 'விரைவில் விடுவிக்கப்படும்' என்ற ஒற்றை வரியில் தொங்கிக்கொண்டிருந்தன.

சத்தியவேட்டுப் பக்கம் ஒரு மண்டலக் கல்வி அலுவலகத்தில் அவள் ஒப்பந்தக் கணக்கர். கணக்கு எழுதுவது என்று பேர். செய்ததென்னவோ ஒரே போர்வையை முப்பத்தெட்டுப் பேருக்கு இழுத்து இழுத்துப் போர்த்துகிற வேலை. கழிவறைப் பராமரிப்புக்கு வந்த தொகையில் ஒரு பள்ளியின் காஸ் பாக்கியை அடைப்பாள். வெள்ளையடிக்க வந்த பணத்தில் கழிவறைக்குப் பினாயில் வாங்குவாள். அடுத்த மாதம் இதை அங்கே திருப்ப வேண்டும், அதை இங்கே திருப்ப வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொள்வாள். அவளுக்கே மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. கணவன் கிஷோர் வரதய்யபாளையம் பக்கத்து ஃபாக்டரியில் ஷிப்ட் பார்த்துக் கொண்டுவந்த காசில் வீடு நடந்தது.

கையில் நாலு காசு புரண்டால் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்கு எழுதாத விதி ஒன்று இருந்தது. ஆசிரியர் சங்கத்துத் தலைவரின் பள்ளிக்கு முதலில். பேப்பர்காரர்களைத் தெரிந்துவைத்திருக்கும் ஹெட்மாஸ்டருக்கு அப்புறம். பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர்களுக்குக் கடைசியில். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழத் தெரியாத பிள்ளைகளின் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலில் முதலில் நின்றது தாமரைக்கண்டிகை. அறுபத்திரண்டு பிள்ளைகள், தமிழ்ப் பள்ளி, சமையலுக்கு ரத்னம்மா. இதுவரை ஒருமுறைகூட அலுவலகப் படியேறிக் கேட்டதில்லை ரத்னம்மா. அதனால்தான் அவளைக் கடைசியில் வைக்க முடிந்தது. இது அம்சவேணிக்குத் தெரியும். தெரிந்தே செய்தாள்.

மண்டலக் கல்வி அதிகாரி சுரேஷ்பாபு ஒரு புதன்கிழமை திருப்பதி மீட்டிங்கிலிருந்து திரும்பியதும் அவளைக் கூப்பிட்டார்.

"அம்சவேணிம்மா, அர்ஜெண்ட். ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் எல்லா ஸ்கூல் ரசீதும் வெள்ளிக்கிழமைக்குள்ள அப்லோட் ஆகணும். பணம் பட்டுவாடா ஆச்சு, சமையல்காரங்க வாங்கிக்கினாங்கன்னு."

"பணமே வரலையே சார்."

"வரும்மா. செலவாச்சுன்னு நாம சர்டிபிகேட் அனுப்பினாத்தான் டெல்லிலேருந்து அடுத்த தவணை. அது வந்தாத்தான் இதுவும் வரும். ரூல் அது."

"கொடுக்காத பணத்தக் கொடுத்தோம்னு எப்படி சார் எழுதறது?"

"நீ மட்டுமா எழுதற? எல்லா மண்டலமும் எழுதுது. பைனுஞ்சி ஆர்டர்ம்மா, நேனேம் சேஸ்தானு?" மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய என்று தெலுங்கில் சொல்லிக் கையை விரித்தவர், மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னார்.

மறுநாள் அவள் ஸ்கூட்டியில் புறப்பட்டாள். முப்பத்தேழு பள்ளிகளில் கையெழுத்து சுலபமாகக் கிடைத்தது. சிலர் படித்துப் பார்க்காமலே போட்டார்கள். ஒரு ஹெட்மாஸ்டர் கேட்காமலே சமையல்காரியின் கையெழுத்தையும் தானே போட்டுக் கொடுத்து, "டீ சாப்பிடறீங்களா மேடம்?" என்று கேட்டார். அந்த டீயை அவள் குடித்தாள்.

தாமரைக்கண்டிகையில் சமையல் கொட்டகைக்குள் புகை. காஸ் தீர்ந்து இரண்டு மாதம் ஆனதால் ரத்னம்மா வேலிமுள் வைத்து எரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுப் பெண், புகையில் கண் இரண்டும் சிவந்திருந்தன. அண்டாவில் கொதித்த சாம்பாருக்கு அடியில் அண்டாவின் ஒடுக்கு தெரிந்தது. அவ்வளவு தண்ணீர்.

"சின்னப்பன் கடையில நாப்பத்தெட்டாயிரம் நின்னுக்கினு கீது மேடம்," என்றாள், குறை சொல்கிற குரலில் அல்ல, விலைவாசி சொல்கிற குரலில். "இனிமே பருப்பு குடுக்கமாட்டேன்னுட்டான். இன்னா பண்றது, பசங்க வந்து தட்ட நீட்டுதுங்களே. எங்க வூட்டுப் பருப்பத்தான் போட்டேன் இன்னிக்கு."

அம்சவேணி ரசீதுகளை எடுத்தாள். ஐந்து தாள்கள், ஐந்து மாதம்.

"இது இன்னாது?"

"பணம் வாங்கினதுக்கு ரசீது, அக்கா. இத அனுப்பினாத்தான் பணம் வரும்."

ரத்னம்மா தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தாள். "வாங்காத பணத்துக்கா?"

"பத்து நாள்ல வந்துடும்."

"வரலேன்னா?"

"நான் பொறுப்பு," என்றாள் அம்சவேணி. அதைச் சொல்லும்படி யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தெட்டும் முடிந்தாக வேண்டும், வெயில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

"நீ சொல்றியேன்னு வெக்கிறேன்." ரத்னம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அம்சவேணி அவள் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, ஐந்து தாளிலும் உருட்டி எடுத்தாள். விரலில் வெட்டுக்காயங்களும் சூட்டுத் தழும்பும் இருந்ததால் ரேகை சரியாக விழவில்லை. இரண்டு தாள்களில் மறுபடியும் வைக்கச் சொன்னாள்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று. டிசம்பர் நடுவில் பணம் வந்தது. நவம்பருக்கு மட்டும். பழைய ஐந்து மாதத்தைக் கணினியில் திறந்து பார்த்தாள். முப்பத்தெட்டுப் பள்ளிகளுக்கும் நேராகப் பச்சை எழுத்தில் 'செலுத்தப்பட்டது' என்று இருந்தது. மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். எதிர்முனையில் ஒரு பையன் குரல் சலித்துக்கொண்டது. "ரசீது நீங்கதானே மேடம் ஏத்தியிருக்கீங்க? பட்டுவாடா ஆனதுக்கு மறுபடி எப்படிப் பணம் போடறது?"

சுரேஷ்பாபுவிடம் போனாள். அவர் போனிலிருந்து தலையை எடுக்காமல், "அது க்ளோஸ்ம்மா. அதத் தோண்டினா நம்ம தலையிலதான் மண்ணு விழும்," என்றார்.

ரசீதுகளை விரைவாக ஏற்றிய மண்டலம் என்று குடியரசு தினத்தன்று திருப்பதியில் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மறுநாள் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கூடவே இரண்டு கிலோ மைசூர்பாக்கும் வாங்கி வந்தார். அலுவலகத்துக்கே கொண்டாட்டம். "உன் உழைப்பும் இதுல இருக்கும்மா," என்று அம்சவேணியின் கையில் இரண்டு துண்டுகளை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரத்னம்மா முதல்முறையாக அந்தப் படியேறி வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலருகே நின்றாள்.

"மாட்ட வித்துட்டேன் சார்," என்றாள் சுரேஷ்பாபுவைப் பார்த்து. "கன்னு போட்டு இருபது நாளு. சின்னப்பன் வூட்டு வாசல்ல வந்து கத்திட்டுப் போனான், அதுக்கோசரம் வித்தேன். அப்பியும் கடன் தீரல. அந்த அஞ்சு மாசத்துப் பணம் எப்ப சார் வரும்?"

"எந்த அஞ்சு மாசம்?" சுரேஷ்பாபு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாரு. நீதான் வாங்கிக்கினேன்னு ரேகை வெச்சிருக்கியே. அஞ்சு தடவ. கவர்மெண்ட்ட ஏமாத்தலாம்னு பாக்கறியா?"

ரத்னம்மா திரையைப் பார்க்கவில்லை. அம்சவேணியைப் பார்த்தாள்.

அம்சவேணியின் வாயில் மைசூர்பாக்கு இருந்தது. நெய் உருகி நாக்கில் வழவழவென்று பரவியது. 'அந்த ரேகையை வாங்கியது நான், பணம் கொடுக்கவில்லை' என்று சொல்ல ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியும் போயிற்று. அடுத்த ஐந்தும் போயிற்று. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏமாந்து கைநாட்டு வெக்கறவங்களப் பாத்து வாங்கிக்கினு வரத்தான் படிச்சியாம்மா?" என்று ரத்னம்மா கேட்டாள். சத்தமே போடவில்லை. திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அம்சவேணி பின்கட்டுக்கு ஓடி, குழாயடியில் குனிந்து, வாயிலிருந்ததைத் துப்பினாள். பிறகு வயிற்றிலிருந்ததும் வந்தது. எத்தனை தரம் கொப்பளித்தும் அந்த நெய்வாடை போகவில்லை. உள்ளே யாரோ சுரேஷ்பாபுவைச் சான்றிதழோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரை நினைத்தபோது வந்த அருவருப்பு பெரிதல்ல. அந்த மனிதர் அப்படித்தான். அந்தப் பெருவிரலைப் பிடித்து உருட்டிய தன் கையை அவளால் பார்க்க முடியவில்லை.

இரவு சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவளிடம் கிஷோர் என்னவென்று கேட்டான். சொன்னாள்.

"எழுதிக் குடுத்தா வேல போயிடுமே," என்றான் அவன்.

"போவும்."

"கேஸு கீஸு?"

"அதுவும் வரலாம்."

அவன் தட்டை ஓரமாக நகர்த்தினான். "அப்ப ஞாயித்துக்கிழமையே எழுதிடு. திங்கக்கிழமதான் கலெக்டராபீஸ்ல மனு வாங்குவாங்க," என்றான்.

முப்பத்தெட்டுப் பள்ளிகளின் பெயரும், வாங்கியதாக எழுதிய தொகையும், மதிய உணவுக் கணக்கில் உண்மையில் கொடுத்த தொகையும் அருகருகே போட்டாள். கொடுத்த தொகையின் கீழே முப்பத்தெட்டு முறையும் சைபர். கடைசியில், 'மேற்கண்ட ரசீதுகளைப் பணம் கொடுக்காமல் நானே வாங்கினேன்' என்று எழுதித் தன் முழுப்பெயரைப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை தாமரைக்கண்டிகைக்குப் போய் ரத்னம்மாவைக் கூப்பிட்டாள். ரத்னம்மா வாசலுக்குக்கூட அழைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பஸ் பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் என்று நின்று நின்று திருப்பதி போய்ச் சேர்ந்தது. இருவரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தன் டிக்கெட்டை மட்டும் ரத்னம்மா தன் காசிலேயே வாங்கினாள்.

மனு வாங்கும் மேசையில் இருந்தவர் தாளைப் படித்தார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத இப்படி எழுதக் கூடாதும்மா. 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக'ன்னு போடுங்க. உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

"கோளாறு மெஷின்ல இல்ல சார்."

"உங்க பேர நீங்களே மாட்டிவிடறீங்க. தெரியுதா?"

"தெரியுது. நம்பர் போட்டு ரசீது குடுங்க சார்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதன்பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. புதன்கிழமை அவளுடைய கணினிக் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. சுரேஷ்பாபு அவளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் வரும்போது மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். கையெழுத்தைத் தானே போட்டுக்கொடுத்த ஹெட்மாஸ்டர் போன் செய்து, "எங்க ஸ்கூல் பேர எதுக்கும்மா இழுத்தீங்க, எங்களுக்கெல்லாம் பணம் வந்துடுச்சே," என்று கூசாமல் சொன்னார். பிப்ரவரிக் கடைசியில் ஒரு பெண் அதிகாரி விசாரணைக்கு வந்தார். சமையல் கொட்டகைகளுக்கு நேரில் போய்ப் பெண்களைக் கேட்டார். முப்பத்தொரு பேர் பணம் வரவில்லை என்றார்கள். ஏழு பேர் பயந்துகொண்டு வந்தது என்றார்கள்.

மார்ச்சோடு அம்சவேணியின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. விசாரணையில் அவளுக்கு எழுத்துமூலக் கண்டனம். சுரேஷ்பாபுவுக்கு வேறு மண்டலத்துக்கு மாற்றல். சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, காரின் பின்சீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டாள்.

ஏப்ரலில் ஒரு பிற்பகல் ரத்னம்மா அவள் வீடு தேடி வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

"மூணு மாசத்துது வந்துச்சு. எல்லாம் சின்னப்பன் கைக்கே போயிடுச்சு. மீதி ரெண்டு மாசம் அடுத்த பட்ஜெட்லன்றாங்க."

அம்சவேணி தலையை ஆட்டினாள். "மாடு?"

"மாடு போனது போனதுதான். வாங்கினவன் எந்தூருக்கு வித்தானோ." ரத்னம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு வேல போயிடுச்சாமே."

"ஆமாக்கா."

"உனக்கு வேல போனதால எனக்கு இன்னா லாபம்? ஒண்ணுமில்ல." அதையும் விலைவாசி சொல்கிற குரலில்தான் சொன்னாள். அம்சவேணிக்கு அது வலித்தது. பொய்யாக ஆறுதல் சொல்லாமல் விட்டதற்கு நன்றியாகவும் இருந்தது.

"மீதி ரெண்டு மாசத்துக்கு மறுபடி மனு குடுக்கலாம்கா. திங்கக்கிழம நான் வரேன்."

வெயிலில் நடந்து வந்த களைப்பு ரத்னம்மாவின் முகத்தில் இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கி, சொம்பை முழுக்கக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துடு," என்றாள். "லேட்டு பண்ணினா வரிசையில கடைசில நிக்கணும். எங்க ஊரு பசங்களுக்கு அன்னிக்கு ஆக்கிப்போடப் பதில் ஆளு போட்டுட்டுத்தான் வரணும் நானு."