எல்லாம் அணைத்த பிறகும் சுற்றும் மீட்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ரயிலில் கிடைத்தது. 2007 கோடையில், கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "லைட்டு, பேனு, டிவி அல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் பாத்தாலும் மீட்டரு சுத்திக்கினே கீதுடி."

"பேய் பூந்துக்கிச்சா?" என்றாள் தோழி.

சிரித்துக்கொண்டே இருவரும் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார்கள். விடை தெரியாமல் நான் மட்டும் வண்டியில் மிச்சமிருந்தேன். ஒரு பொருள் ஏன் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. அதனால் அந்தப் பெண்ணுக்குக் கன்னியம்மா என்று ஒரு பெயரும் ஒரு வீடும் மாடியில் ஒரு குடும்பமும் கொடுத்து, அந்த மீட்டரை நானே திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "சிப்காட் புகைபோக்கிகளுக்கு மேலே செக்கச்சிவந்த சூரியன்..." வேண்டாம். கன்னியம்மா சூரியனைப் பார்ப்பதில்லை. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து மீட்டரைப் பார்க்கிறாள்.

இரண்டாவது தொடக்கம்: "கன்னியம்மா பொறாமைக்காரி." இது உண்மை. ஆனால் இதை எழுதும் எனக்கே வேப்பம்பட்டில் காற்று வராத ஒரு பின்பக்க போர்ஷன். என் கதையில் வரும் மாடி வீட்டுக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி வைத்தது முதல் எனக்கும் வயிறு எரிகிறது. ஆகவே அந்த வாக்கியத்தை அவள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

கீழ் வீட்டில் கன்னியம்மா. சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் காலை ஷிப்டு. கணவன் லோகு இரும்பு உருக்கும் ஆலையில் லோடு ஏற்றுகிறான். மகள் ஜெபா பள்ளிக்கூடம் போகிறாள். மாடியில் ரமீஸாவும் சிராஜும்; பழவேற்காட்டில் கடை வைத்திருந்த குடும்பம், இப்போது கும்மிடிப்பூண்டி பஜாரில் செல்போன் ரீசார்ஜ் கடை. வீட்டுக்காரர் சுப்பராயன் சோழவரத்தில் இருக்கிறார். மாதம் பிறந்ததும் பைக்கில் வருவார்.

அவர் வரும் நாள்தான் கன்னியம்மாவுக்குப் பற்றி எரியும். அவளிடம் வாடகையும் கரண்டுக்கான பணமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறுவார். அங்கே கரண்டுக்கான பணத்தைத் தவிர ஒன்றும் வாங்க மாட்டார். டீ குடித்துவிட்டு, "வரேன்மா" என்று சிரித்தபடி இறங்குவார்.

"அவங்க கிட்ட மட்டும் இன்னாத்துக்குய்யா வாடகை வாங்க மாட்றாரு?" என்று லோகுவைக் கேட்டாள்.

"அவங்க லீஸுமே."

"லீஸுன்னா இன்னா, மாமியார் ஊடா?"

[இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். வாடகை வீடு என்றால் உள்ளே வரும்போது அட்வான்ஸ் கொடுக்கிறோம். அது ஓனரிடம் கிடக்கும். மாதாமாதம் வாடகை தனி. காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்பி வரும். ஆனால் பெயிண்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். லீஸ் வேறு. பெரிய தொகையாக ஒரே தடவை ஓனர் கையில் கொடுத்துவிடுவது. மாத வாடகை கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முழுத் தொகையும் திரும்ப வந்தால்தான் வீட்டைக் காலி செய்வார்கள். அதுவரை அந்தப் பணத்தை ஓனர் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வார். வாடகைக்கு இருப்பவர் ஓனருக்கு மாதாமாதம் கொடுக்கிறவர். லீஸுக்கு இருப்பவர் ஓனருக்கே கடன் கொடுத்தவர். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும், மறக்க வேண்டாம்.]

லோகுவும் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னான். புரிந்த பிறகு பொறாமை அடங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அடங்கவில்லை. அவள் சொன்னது இதுதான்: "அப்ப மொத்தமா குடுக்க அவங்க கிட்ட கீது. நம்ம கிட்ட இல்ல. அவ்ளோதானே?"



3

பால்கனியை எடுத்துவிட்டேன். என்னால் தாங்க முடியவில்லை. இப்போது ரமீஸா வீட்டில் ஒரு ஜன்னல் மட்டும்.

ஆனால் பிரிட்ஜை எடுக்க முடியாது. கதை அதில்தான் நிற்கிறது. கம்பெனியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வரும் கன்னியம்மாவுக்கு ரமீஸா மேலிருந்து ஐஸ் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்குவாள்.

"குடிக்கா. நாக்கு வறண்டுக்கினு வருவே."

கன்னியம்மா குடிப்பாள். தொண்டைக்கு இதமாக இருக்கும். கூடவே ஒரு நினைப்பும் இறங்கும்: இது என் கரண்டில் குளிர்ந்த தண்ணீர்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் இரண்டு சப் மீட்டர்கள். [வெளியே மின்வாரிய மீட்டர் ஒன்றுதான். அது ஓனர் பெயரில். உள்ளே ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஓனரே வாங்கி மாட்டிய சின்ன மீட்டர்தான் சப் மீட்டர். அதில் ஓடுகிற யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை.] கன்னியம்மாவின் மீட்டரில், எல்லாவற்றையும் அணைத்த பிறகும், சிவப்புக் கோடு போட்ட தட்டு சுற்றும். எப்போதும் அல்ல. கொஞ்ச நேரம் சுற்றும், நிற்கும். பிறகு மறுபடி சுற்றும்.

விட்டு விட்டு ஓடுவது எது? பிரிட்ஜ். குளிர்ந்ததும் நிற்கும், சூடானதும் ஓடும். ஆகவே அவள் தப்பாக யோசிக்கவில்லை. சரியாக யோசித்துத் தப்பான இடத்துக்குப் போனாள். அந்த வழியைப் பொறாமை இன்னும் கொஞ்சம் சுருக்கமாக்கியது.

4

"ஏ ரமீஸா! உன் பிரிட்ஜி என் மீட்டர்ல ஓடுது!"

முற்றத்தில் நின்று அவள் கத்தியபோது எனக்கு ஒரு சிக்கல். மேலே நின்று பதில் சொல்ல ரமீஸாவுக்கு ஓர் இடம் வேண்டும். ஜன்னல் கம்பி வழியாக இந்தச் சண்டை எடுபடாது. வேறு வழியில்லாமல் பால்கனியைத் திருப்பிக் கொடுத்தேன். கிழக்குப் பார்த்ததாகவே.

ரமீஸா துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா சொல்றே? ஐஸ் தண்ணி குடுத்ததுக்கு இதுவா?"

"ஐஸ் தண்ணிய ஏன் சொல்லிக் காட்றே? மீட்டரு சுத்துது. வந்து பாரு."

"நான் இன்னாத்துக்கு வரணும்? நீ அங்கியே நில்லு. நான் ஒண்ணொண்ணா ஆஃப் பண்றேன். நின்னுச்சின்னா நான் திருடி. நிக்கலன்னா நீ இன்னா?"

"பண்ணு பாக்கலாம்."

மேலிருந்து குரல் வந்தது. "பிரிட்ஜி பிளக்கைப் புடுங்கிட்டேன்! நின்னுச்சா?"

"சுத்துது!"

"டிவி?"

"சுத்துது!"

"மெயினையே எறக்கிட்டேன்க்கா! ஊடே இருட்டு! இப்ப?"

கன்னியம்மா தன் மெயினையும் இறக்கிவிட்டுத் தெருவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். இரண்டு வீட்டிலும் ஒரு விளக்குகூட இல்லை. தட்டு சுற்றியது, சிவப்புக் கோடு வந்தது, போனது.

"அம்மாடி" என்றாள். ரயிலில் கேட்ட பேய் எனக்கும் ஒரு கணம் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, படிக்கட்டுப் பக்கம் நீட்டிய குழாய் வழியாகத் தண்ணீர் நேராக அவள் முதுகில் கொட்டியது.

"யா அல்லா, மோட்டார் போட்டதையே மறந்துட்டேன்!" என்று ரமீஸா உள்ளே ஓடினாள். மோட்டார் ஸ்விட்ச் அவள் சமையலறைச் சுவரில். டக்கென்று ஒரு சத்தம்.

தட்டு நின்றது.

நனைந்த கன்னியம்மா மேலே பார்த்தாள். "இன்னொரு தபா போடு."

ரமீஸா போட்டாள். சுற்றியது. அணைத்தாள். நின்றது. ரமீஸா படியிறங்கி வந்தாள். அதற்குப் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் சண்டையை மறந்து, பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நின்றார்கள். நான் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

[விளக்கம். போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டார் அது. கீழே சத்தமே கேட்காது. சுப்பராயன் முதலில் தரைத்தளம் மட்டும் கட்டிக் குடியிருந்தார். மோட்டார் ஒயரைப் பக்கத்திலிருந்த லைனில் கொடுத்தார். அது இன்றைக்குக் கன்னியம்மாவின் மீட்டருக்கும் அவள் மெயின் ஸ்விட்ச்சுக்கும் நடுவில் இருக்கும் லைன். மாடி கட்டி அங்கே குடியேறியபோது, சௌகரியத்துக்காக ஸ்விட்ச்சை மட்டும் மேலே இழுத்துக்கொண்டார். பிறகு அவரும் போய்விட்டார். ஒருவரும் திருடவில்லை. இரண்டு வீட்டுத் தண்ணீரும் ஒரு வீட்டு மீட்டரில் ஏறிக்கொண்டிருந்தது.]

5

ஆகவே புதிர் விடுபட்டது. கதை முடிய வேண்டும். முடியவில்லை.

அடுத்த மாதம் சுப்பராயன் வந்ததும் கன்னியம்மா சொன்னாள், "சார், மோட்டாரு என் மீட்டர்ல ஓடுது. மாத்திக் குடுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார். "உனக்கு முன்னால இருந்தவங்க யாரும் இன்னான்னு கேக்கலியே. ஒயரு இழுக்கணும், சொவரு ஒடைக்கணும். ஒத்து வரலன்னா ஒரு மாசம் டைம் எடுத்துக்கோமா."

இதுதான் நோட்டீஸ். அச்சடித்த தாளாக வர வேண்டியதில்லை. படிக்கட்டுக்கு அடியில் நின்று சொன்னாலும் வீடு போவது போவதுதான். கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு போர்ஷன் கிடைக்காது. மகள் ஜெபாவின் பள்ளிக்கூடம் தெருமுனையில். கன்னியம்மா, "சரி சார், பரவால்ல சார்" என்றாள். 

அவர் மேலே போய் டீ குடித்தார்.

இப்போது இரண்டாம் பகுதியில் மறக்க வேண்டாம் என்றேனே, அது. சுப்பராயன் லீஸ் பணத்தைப் போட்டு சோழவரத்தில் வீடு கட்டிவிட்டார். ரமீஸாவிடம் "காலி பண்ணு" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சொன்னால் முழுத் தொகையையும் எடுத்து வைக்க வேண்டும். அந்த வீட்டில் அவரிடம் நிமிர்ந்து பேசக்கூடியவள் ஒருத்திதான். எவளைப் பார்த்துக் கன்னியம்மாவுக்கு எரிகிறதோ, அவள்.

"நீ சொன்னா கேப்பாரு" என்று கன்னியம்மா அவளிடம் போய்க் கேட்க வேண்டும். அதற்குப் பொறாமையை விழுங்க வேண்டும். லோகுகூட, "போய்க் கேளுமே, இன்னா ஆயிடும்?" என்றான். "நீ போய்க் கேளேன்" என்றாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

ரமீஸாவுக்கு இதில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. இதுவரை இலவசமாக வந்த மோட்டார் கரண்டுக்கு இனி அவளும் பாதி கொடுக்க வேண்டும். அதுவும் தவிர, நாங்கள் யாரும் கேட்காத ஒன்றை அவள் அன்று மீட்டர் முன்னால் குனிந்து நின்றபோதே சொல்லியிருந்தாள்: "உனக்கு இன்னாக்கா, புடிக்கலன்னா மூட்டையைக் கட்டிக்கினு பூடுவே. நாங்க பழவேற்காட்டுக் கடைய வித்து டப்பு மொத்தத்தையும் இவரு கைல குடுத்துட்டு, எப்ப திருப்பிக் குடுப்பாரோன்னு பேஜாரா கீது. ரயில்ல போற வரவங்களப் பாத்தாலே எனக்குப் பொறாமையா கீது."

நான் பொறாமைப்பட்ட அதே பால்கனியில் நின்றுதான் அவள் ரயிலைப் பார்த்திருக்கிறாள்.

6

முடிவுகள்.

(அ) கன்னியம்மா கேட்கவில்லை. காலி செய்கிறாள். புதிதாக வருபவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்க்கிறாள். சாமர்த்தியமான முடிவு, அதனாலேயே பிடிக்கவில்லை.

(ஆ) நானே கதைக்குள் புகுந்து சுப்பராயனிடம் பேசுகிறேன். முயன்றேன். "நீ யாருப்பா, புரோக்கரா?" என்றார்.

(இ) கன்னியம்மா ஐஸ் தண்ணீர் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுக்க மாடி ஏறுகிறாள். அந்தப் படிகளில் அவள் முதல் முறையாக ஏறுகிறாள். கதவைத் திறந்த ரமீஸா, "வாக்கா, உள்ள வா" என்கிறாள். சமையலறைச் சுவரில் அந்த ஸ்விட்ச் தெரிகிறது. கன்னியம்மா வாயைத் திறக்கிறாள். அவள் சொல்லும் முதல் வாக்கியத்தைப் பத்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுதாள், ஒன்றில் அதட்டினாள், ஒன்றில்...

அந்த வாக்கியம் உங்களுடையது. வாடகை வீட்டில் இருந்தவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரமீஸா சம்மதிப்பாளா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டிய வேலையை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஒயரைக் கீழ் வீட்டு லைனிலிருந்து கழற்றி, இரண்டு சப் மீட்டருக்கும் முன்னால், ஓனரின் மெயின் லைனில் கொடுக்க வேண்டும். அதற்கென்று தனியாக மூன்றாவது சப் மீட்டர் ஒன்று மாட்டி, அதில் ஓடுவதை இரண்டு வீடும் பாதிப்பாதியாகக் கொடுக்க வேண்டும். ஓனரிடம் இதை லீஸுக்கு இருப்பவர் சொல்ல வேண்டும், வாடகைக்கு இருப்பவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்விட்ச்சைச் சமையலறையிலிருந்து எடுத்துப் படிக்கட்டுக்கு அடியில், இருவர் கைக்கும் எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும்.