இயல்பான அளவிலும் வடிவத்திலும்

தர்மவதி அந்த லேபுக்கு மூன்றாவது முறையாக வந்தபோது அவள் இடது காலில் செருப்பு இல்லை. அது வாசற்படியிலேயே கழன்று கிடந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு எங்கடி?" என்றார் அவள் கணவர் சம்பவநாதன்.

அவள் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்தாள்.

"பாத்தியாம்மா இவள?" என்று அவர் ரத்தம் எடுக்க வந்த தமிழினியிடம் திரும்பினார். "செருப்பு போனது கூடத் தெரியல. எட்டு மாசமா இதே கூத்துதான். நடந்தா உழுவுறா. அடுப்புல பால வச்சுட்டு மறந்துடுறா. கேட்டா எரிஞ்சு உழுவுறா. ரெண்டு தடவ டெஸ்ட்டு எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்னு டாக்டரு இரும்பு மாத்திர குடுத்து அனுப்பிட்டாரு. வேல செய்யக் கள்ளம், வேற இன்னா?"

வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தர்மவதி கையை நீட்டினாள். நாற்பத்து நான்கு வயது. முகம் வெளிறி லேசாக மஞ்சள் பூத்திருந்தது. மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். நிலத்தில் மணிலாக் கடலையும் உளுந்தும் போடுகிறவர்கள். சம்பவநாதன் அன்று செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு விற்க மூட்டை கொண்டுவந்திருந்தார். அந்த வண்டியிலேயே மனைவியையும் ஏற்றி வந்திருந்தார்.

"காலு மரத்துப்போச்சாக்கா?" என்று தமிழினி ஊசியைக் குத்தியபடி மெதுவாகக் கேட்டாள்.

"மரத்துப்போனது இல்லம்மா. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குது. தர எங்க இருக்குதுன்னே தெரியல."

தமிழினி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பஞ்சு மேல் நடப்பது போல. விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தபோது அவள் இதே வரியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தாள். அதைத் தேர்வோடு மறந்தும் போயிருந்தாள்.

சிங்கவரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து அந்த லேபுக்கு அவள் வந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு மெஷின் இருந்தது. ரத்தத்தை வைத்தால் இரண்டு நிமிடத்தில் எண்களாகத் துப்பும். எண்களுக்குக் கீழே, ரத்த அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே எழுத யாரும் எதையும் பார்ப்பதில்லை. "சிவப்பணுக்கள் இயல்பான அளவிலும் வடிவத்திலும் உள்ளன. வெள்ளையணுக்கள் இயல்பு" என்ற வரி கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. விழுப்புரத்தில் இருக்கும் நோய்க்குறியியல் டாக்டர் இளவழகனின் கையெழுத்தும் படமாக அதற்குள்ளேயே இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து அச்சாகி வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் கேட்டபோது, "ஒரு நாளைக்கு நாப்பது பேரு வராங்க. ஒவ்வொண்ணையும் ஸ்லைடு போட்டுனு இருந்தா வெளங்குமா?" என்றார் லேப் உரிமையாளர் வீரமணி. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று ஸ்லைடு போட்டாள். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுத்து, காயவிட்டு, சாயம் ஊற்றினாள். வெளியே ஆட்கள் முணுமுணுத்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் கழுவி, மைக்ரோஸ்கோப் மேல் கிடந்த பிளாஸ்டிக் உறையை உருவி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். சிவப்பணு சின்னதாக, வட்டமாக, நடுவில் வெளிறியிருக்க வேண்டும். இங்கே அவை முட்டை வடிவத்தில் ஊதிக் கிடந்தன. ஒன்று இரண்டல்ல, பார்த்த இடமெல்லாம். வெள்ளையணு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். சாதாரணமாக அதன் உட்கரு மூன்று அல்லது நான்கு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். இவள் எண்ணினாள்: ஆறு. பக்கத்தில் இன்னொன்று: ஏழு.

செல் என்பது சும்மா பெருகுகிற பொருள் இல்லை. எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் உட்கருவில் இருக்கிற டிஎன்ஏவை முழுக்கப் படியெடுக்க வேண்டும். அந்தப் படியெடுப்புக்கு வைட்டமின் பி12 வேண்டும். அது கிடைக்காவிட்டால் உட்கரு முடிக்காத வேலையோடு நின்றுவிடும். சுற்றியிருக்கிற உடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பிரிய முடியாமல், பெருத்து, பாதி செத்து, மிச்சம் ரத்தத்தில் வந்து சேரும். நரம்பைச் சுற்றியிருக்கிற உறைக்கும் அதே வைட்டமின்தான் வேண்டும். உறை தேய்ந்தால் பாதத்திலிருந்து கிளம்புகிற செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. செருப்பு கழன்றது தெரியாது. தரை தெரியாது. மறதி வரும், கோபம் வரும்.

எட்டு மாதமாக இந்தப் பெண் கள்ளம் செய்கிறாள் என்று வீட்டில் ஏசியிருக்கிறார்கள்.

தமிழினி கம்ப்யூட்டரில் பழைய இரண்டு ரிப்போர்ட்டுகளைத் திறந்தாள். இரண்டிலும் சிவப்பணுவின் சராசரி அளவு இருக்க வேண்டியதைவிடப் பெரிது என்று மெஷின் சொல்லியிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறியும் இருந்தது. அதன் கீழேயே "இயல்பான அளவிலும் வடிவத்திலும்" என்றும் இருந்தது. அதற்கும் கீழே, பரிசோதித்தவர் என்ற இடத்தில், த.க. என்று இருந்தது. தமிழினி, கன்னியப்பன் மகள். அவளுடைய எழுத்துகள்.

 அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்.

பதினொரு மணிக்கு வீரமணி வந்தார். முன்பு மருந்து கம்பெனியில் பிரதிநிதியாக இருந்தவர். குரல் எப்போதும் இழைந்துதான் வரும்.

"இன்னா தமிழு, வெளிய பதினஞ்சு பேரு குந்தினு இருக்காங்க. நீ இன்னா மைக்ரோஸ்கோப்புல படம் பாத்துனு இருக்க?"

"சார், வந்து ஒரு தடவ பாருங்க."

"நான் பாத்து இன்னா ஆவப்போவுது?"

"செல்லுங்க எல்லாம் பெருசு பெருசா இருக்குது. இவங்களுக்கு பி12 இல்ல. நரம்பு போயிட்டு இருக்குது சார். நாம ரெண்டு தடவ நார்மல்னு குடுத்துருக்கோம்."

"நாமன்னு சொல்லாத." அவர் சிரித்தார். "கீழ யார் இனிஷியல் இருக்குது?"

தமிழினி மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பினாள். அவர் குனியவில்லை.

"பேஷண்ட்ட பயமுறுத்தாத. நீ டெக்னீஷியன், டாக்டர் இல்ல. அதே வரியப் போட்டுக் குடு. டாக்டரு பாத்துக்குவாரு."

"எந்த டாக்டரு? இந்தக் காகிதத்த நம்பித்தான டாக்டரு இரும்புச்சத்து மாத்திர குடுத்து அனுப்பிச்சிட்டாரு!"

"கொரல ஒசத்தாத. உன்ன மாதிரி எடத்துலேருந்து வந்த பொண்ணுக்கு இந்த ஏசி ரூம்ல சேர் போட்டுக் குடுத்துருக்கேன். அத நெனப்புல வச்சுக்கோ."

"எந்த மாதிரி எடம் சார்?"

அவர் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"நான் படிச்சுட்டு வந்தேன். நீங்க குடுத்தது சேரு. வேலைய நீங்க செய்யவே உடல." அவள் குரல் அறைக்கு வெளியே கேட்டது. கேட்கட்டும் என்றிருந்தது. ஸ்லைடைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் அதைப் பிடுங்க வந்தார். அவள் பின்னால் நகர்ந்து, "தொட்டுப் பாருங்க சார், தெரியும்" என்றாள். அவர் நின்றுவிட்டார்.

ரிப்போர்ட் தாளில் டாக்டர் இளவழகனின் பெயருக்குக் கீழே இருந்த போன் நம்பர் லேபினுடையதே. அவர் விழுப்புரத்தில் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் நம்பரைத் தேடி எடுத்து, நோயாளிகள் முன்னாலேயே நின்று பேசினாள். நான்கு பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் அவரே வந்தார்.

"செஞ்சி லேபா? அங்க கையெழுத்துப் போடுறத நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சேம்மா."

"இன்னிக்கி காலைல மட்டும் இருபத்தி மூணு ரிப்போர்ட்டு போயிருக்குது சார், உங்க கையெழுத்தோட."

 அவர் போட்ட சத்தத்தில் அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அடங்கியபின், "அந்த ஸ்லைட படம் எடுத்து அனுப்பு" என்றார். அவள் மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியில் போனை ஒட்டி வைத்து ஐந்தாறு படம் எடுத்து அனுப்பினாள். வீரமணி தடுக்கவில்லை. வெளியே போய் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

"நீ சொன்னது சரி," என்றார் இளவழகன் திரும்ப அழைத்து. "பி12 அளவு பாக்கணும், ஆனா அதுக்காகக் காத்திருக்க வேணாம். இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கணும். நீ சொன்ன அந்த இரும்பு மாத்திரையில ஃபோலிக் ஆசிட்டும் இருந்திருக்கும். அது ரத்தத்த கொஞ்சம் தூக்கிவிட்டுட்டு நரம்ப அப்படியே கைவிட்டுடும். நான் எழுதி அனுப்புறேன், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

தமிழினி வரவேற்பறைக்கு வந்தாள். தர்மவதியின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, நீங்க கள்ளம் பண்ணல. உங்களுக்கு நெசமாவே வியாதி இருக்குது. மொத ரெண்டு ரிப்போர்ட்டும் பொய்யி. யாரும் உங்க ரத்தத்தப் பாக்கவே இல்ல."

 சம்பவநாதன் எழுந்தார். "யாரு கையெழுத்துப் போட்டது?"

"டாக்டர் கையெழுத்து திருட்டுக் கையெழுத்து. அதுக்கு மேல இருக்கிற இனிஷியல் என்னுது."

தர்மவதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். ஆடினாள். கணவர் பிடிக்கப் போனதும் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ பாக்கவே இல்லியா?" என்று தமிழினியிடம் கேட்டாள்.

"பாக்கலக்கா."

"பாக்காமதான் எழுதிக் குடுத்தியா? அந்தக் காகிதத்த எங்க மாமியாரு சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுருக்குது தெரியுமா? நான் உழும்போதெல்லாம் எடுத்துக் காட்டும். நார்மலு, நார்மலுன்னு. எம் பொண்ணு திரிசலா கூட, ஏம்மா இப்பிடி நடிக்கிறன்னு கேட்டா." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீ என்ன போன மாசம் களத்துமேட்டுல வச்சு அறஞ்ச. நாலு பேரு பாத்தாங்க. இப்ப அந்த நாலு பேர இட்டுனு வா. இங்க நிக்கவச்சு இவ சொன்னத கேக்கச் சொல்லு."

 "காகிதத்துல போட்டுருந்ததத்தான..." என்று தொடங்கினார் சம்பவநாதன்.

"காகிதம் பேசும். நான் பேசுனா காதுல உழாது, இல்ல?"

அன்று மதியமே அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டார்கள். ரத்தத்தின் பி12 அளவு வந்தபோது அது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லும்படி இருந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. பிறகு வாரத்துக்கு ஒன்று. ஒரு மாதத்தில் மறதி விலகியது. முகத்தின் மஞ்சள் போனது. வலது பாதத்தில் மட்டும் உணர்வு திரும்பியது. இடது பாதத்தில் திரும்புமா என்று கேட்டதற்கு, முன்பே வந்திருந்தால் சொல்லியிருக்கலாம் என்றார் டாக்டர். தர்மவதி கம்பு ஊன்றி நடந்தாள்.

தமிழினி புகார் எழுதினாள். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் அதை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு, "உன் இனிஷியலையும் நீயே எழுதியிருக்கியேம்மா. உனக்கும் நோட்டீஸ் வரும், பரவாயில்லையா?" என்றார். "வரட்டும் சார். எழுதாம உட்டா அதுவும் பொய்தான," என்றாள்.

லேபைச் சீல் வைத்தார்கள். பத்தொன்பதாவது நாள் அதே கட்டடத்தில், அதே மெஷினோடு, வீரமணியின் மைத்துனர் பெயரில் புதுப் பலகை மாட்டப்பட்டது. செஞ்சியில் வேறு எந்த லேபும் தமிழினியை வேலைக்கு எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "நீ நல்ல பொண்ணுதான்மா. அதான் பயம்."

தமிழினி விசாரணைக்கு விழுப்புரம் போனபோது தர்மவதியும் வந்திருந்தாள். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று சம்பவநாதன் தடுத்தாராம். அவள் தனியாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள். அதிகாரி முன்னால் பத்து நிமிடம், ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல், நடந்ததை எல்லாம் சொன்னாள். கடைசியில், "அங்க டெஸ்ட்டு எடுத்த மத்தவங்களுக்குச் சொல்லி அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார் அதிகாரி.

வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள்.

"உம்மேல இருக்குற கோவம் எனக்கு இன்னும் போவல," என்றாள் தர்மவதி.

"போவ வேணாம்க்கா."

"போவாது. அது கெடக்கட்டும். அங்க வந்தவங்கள்ல என்ன மாதிரி யாரு யாருன்னு ஞாபகம் இருக்குதா உனக்கு?"

தமிழினி இரவும் பகலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். யாருடைய எண்ணுக்குப் பக்கத்தில் குறி இருந்தது, யார் வெளிறி வந்தார்கள், யார் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நினைவிலிருந்து பதினோரு பெயரும் ஊரும் எழுதி வைத்திருந்தாள். தாளை எடுத்துக் காட்டினாள்.

மறுநாள் காலை இருவரும் தளவானூரில் இறங்கினார்கள். முதல் பெயர் சின்னப்பொண்ணு. நூறுநாள் வேலைக்குப் போகிறவள். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. தமிழினி தான் யார், தான் என்ன செய்தாள் என்பதை முதலில் சொன்னாள். சின்னப்பொண்ணு ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அவளைத் திட்டத் தொடங்கினாள். தமிழினி தலையைக் குனியாமல் நின்று முழுக்க வாங்கிக்கொண்டாள்.

தர்மவதி குறுக்கே பேசவில்லை. திட்டி முடியும்வரை கம்பில் சாய்ந்து நின்றாள். பிறகு, "நாளைக்கி காலைல செஞ்சி ஆஸ்பத்திரிக்கி வந்துடு," என்றாள். "வரலன்னா நான் வந்து இட்டுனு போவேன்."