குச்சியில் புழு

பென்டிரைவை அந்தப் பட்டறையில் குச்சி என்பார்கள். முன்பு கம்ப்யூட்டருக்கும் எம்பிராய்டரி மெஷினுக்கும் நடுவே ஒரு வயர் இருந்தது. அதை எலி கடித்தது. புது வயர் வேண்டாம், குச்சியே போதும் என்றாள் மூத்தவள். அன்றிலிருந்து பள்ளிச் சின்னம், ஓட்டல் பெயர், கழுத்துப் பூ எல்லாம் குச்சியில்தான் போயின. கம்ப்யூட்டரில் வரைந்து, குச்சியில் ஏற்றி, மெஷினின் பக்கத்தில் செருகினால் ஊசிகள் இறங்கும்.

வரைவது இளையவள். மெஷினை ஓட்டுவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் மூத்தவள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள்.

ஒரு காலை குச்சிக்குள் இருந்த ஃபோல்டர்களின் மூலையில் சிறிய அம்புக்குறி முளைத்திருந்தது. இளையவள் ஒன்றை அழுத்தினாள். திறந்தது. டிசைன்கள் இருந்தன. வேலையைப் பார்த்தாள்.

அந்த வாரமே தையல்கடைக்காரர் போன் செய்தார். கண் இரண்டும் சிறியதாக, வட்டமாக இருப்பதால் அவரைப் பொத்தான் மாஸ்டர் என்பார்கள். மாதிரி பார்க்கக் குச்சியை எடுத்துப் போயிருந்தார். அதைப் போட்டதிலிருந்து தன் கம்ப்யூட்டர் ஒழுங்காக இல்லை என்றார்.

"எங்க வீட்டுச் சின்னது ஏதாவது சினிமா ஏத்தியிருக்கும் மாஸ்டர்," என்றாள் மூத்தவள். "நான் கண்டிக்கிறேன்."

இளையவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தன் தம்பி கொடுத்த படத்தை அவள் ஒருமுறை அந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தது உண்மை. அதனால் வாய் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்தார். குச்சியைச் செருகிப் பார்த்தவுடன், "புழு," என்றார்.

மூத்தவள் குச்சியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். "வெயில்ல வெச்சா போயிடுமா?"

"அந்துருண்டை போட்டாலும் போகாதுக்கா. இது ப்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாது."

அவர் ஒரு ஃபோல்டரைக் காட்டினார். "உங்க நிஜ ஃபோல்டரை இது ஒளிச்சு வெச்சிடும். அதே பேர்ல ஒரு ஷார்ட்கட்டை முன்னாடி நிறுத்தும். வீட்டுக்காரன் மாதிரியே ஒருத்தன் வாசல்ல நிக்கிறான். நீங்க கதவைத் தட்டினா முதல்ல அவன் கம்ப்யூட்டருக்குள்ள போயிடுவான். அப்புறம் உங்களையும் மரியாதையா உள்ள கூட்டிட்டுப் போவான். எல்லாம் வெச்ச இடத்துல இருக்கும். சந்தேகமே வராது."

"அப்புறம்?" என்றாள் இளையவள்.

"அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர்ல எந்தக் குச்சியைப் போட்டாலும் அதுல ஏறிக்குவான். குச்சி எங்க போகுதோ அங்க இவனும் போவான்."

ஓடிக்கொண்டிருந்த புழுவை நிறுத்தினார். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் தானாக எழும் இடத்திலிருந்து அதை நீக்கினார். குச்சியில் இருந்த ஷார்ட்கட்களை அழித்து, ஒளிந்திருந்தவற்றை வெளியே கொண்டுவந்தார். ஒளித்த கோப்புகள் எப்போதும் தெரியும்படி மாற்றிவைத்தார். கிளம்பும்போது கேட்டார்.

"வேற கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கா?"

"இது ஒண்ணுதான்," என்றார்கள் இருவரும்.

மறுநாள் அம்புக்குறி திரும்ப வந்தது. அவரும் திரும்ப வந்தார். சுத்தம் செய்தார். மாலைக்குள் மறுபடி வந்தது.

"உன் தம்பியை இன்னொரு தடவை குச்சியோட இந்தப் பக்கம் பார்த்தேன்..." என்றாள் மூத்தவள்.

"அவன் வந்து மாசமாச்சுக்கா."

"அப்ப தானாவா முளைக்குது? நெல்லா இது?"

துணி கொடுக்க வந்த பொத்தான் மாஸ்டர் இளையவளைப் பார்த்து, "என்ன புழு, சௌக்கியமா?" என்றார். சீருடை வாங்க வந்தவரும் சிரித்தார். இரண்டு நாளில் அதுவே அவள் பெயராகிவிட்டது. போனில் மூத்தவளிடம், "புழு இருக்காளா? அந்தச் சின்னத்தைக் கொஞ்சம் பெருசாக்கச் சொல்லுங்க," என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மூத்தவள் நாற்காலியைக் கம்ப்யூட்டர் மேசையிலிருந்து இழுத்துப் போட்டாள். "இனிமே டிசைனை வெளியில குடுத்துக்கலாம். நீ நூல் கத்தரி."

ஐந்து வருடம் அந்த மேசையில் வரைந்தவள். துணியின் பின்புறம் தொங்கும் நூலைக் கத்தரிக்க யாரும் போதும்.

"இன்னிக்கு ஒரு நாள் குடுங்கக்கா. அவர் மறுபடி வந்து சுத்தம் பண்ணட்டும். அப்புறமும் என் தப்புதான்னா கத்தரிக்கோலைக் குடுங்க."

மூத்தவள் நாற்காலியைத் திரும்ப மேசைப் பக்கம் தள்ளினாள்.

பழுது பார்ப்பவர் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனார். இளையவள் இரண்டு புதுக் குச்சிகளை எடுத்தாள். ஒன்றில் சிவப்பு நூல் கட்டினாள், மற்றதில் நீலம். இரண்டிலும் ஒரு வெற்று ஃபோல்டர் வைத்தாள்.

சிவப்பை எடுத்துவிட்டு மறுபடி கம்ப்யூட்டரில் போட்டாள். ஃபோல்டர் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அம்புக்குறி இல்லை. கம்ப்யூட்டர் சுத்தம்.

நீலத்தை எடுத்துக்கொண்டு போய் மெஷினில் செருகினாள். எதையும் தைக்கவில்லை. எடுத்து வந்தாள். கம்ப்யூட்டரில் போட்டு, எதையும் அழுத்தாமல் பார்த்தாள்.

ஃபோல்டர் மங்கலாக ஒளிந்திருந்தது. அதன் பெயரிலேயே, அம்புக்குறியோடு, ஒருவன் வாசலில் நின்றான்.

அவள் போனை எடுத்தாள். "அண்ணே, நீங்க கேட்டப்ப தப்பா சொல்லிட்டோம். ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு."

"இன்னொண்ணு எங்க?"

"அது தைக்குது."

அவர் ஒரு கீபோர்டோடு வந்தார். அதை மெஷினில் செருகி ஒரு பொத்தானை அழுத்தினார். கம்பெனிப் படமும் ஊசி எண்களும் விலகின. பின்னால் சாதாரணக் கம்ப்யூட்டர் திரை இருந்தது. அதன் பின்னணிப் படத்தில் வெள்ளைக் காரின் மேல் சாய்ந்தபடி யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இது?" என்றாள் மூத்தவள்.

"உங்களுக்கு முன்னாடி இதை வெச்சிருந்தவரா இருக்கும்."

"இத்தனை வருஷமா இந்தாளு மூஞ்சிக்கு முன்னாலயா நின்னு தைச்சேன்?"

அது மூன்று கை மாறி வந்த மெஷின். அதற்குப் பேரம் பேசியவள் மூத்தவள்தான். அதைப் பற்றி இன்றும் வந்தவர்களிடம் சொல்வாள்.

"வித்தவன் சர்வீஸ் பண்ணித்தான் தர்றோம்னானே!"

"எண்ணெய் போட்டிருப்பான்," என்றார் அவர். தானாக எழும் இடத்தைத் திறந்தார். கம்ப்யூட்டரில் அழித்த அதே கோப்பு அங்கே இருந்தது. பக்கத்தில் தேதி.

மூத்தவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தேதியைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இது நாம வாங்குறதுக்கு முந்தின வருஷம்."

"ஆமாக்கா."

"இவ நம்ம வீட்டுக்கே வரலையே அப்ப."

வயர் இருந்தவரை புழுவுக்கு வெளியே வர வழி இல்லை, குச்சிதான் வழி திறந்துவிட்டது என்று அவர் விளக்கினார். மூத்தவள் தலையாட்டினாள். கண்ணாடியைக் கழற்றவில்லை.

அவர் மெஷினையும் கம்ப்யூட்டரையும் எல்லாக் குச்சிகளையும் சுத்தம் செய்தார். மெஷினுக்கென்று ஒரே ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள், எழுத முடியாமல் பூட்டுகிற வசதி உள்ளதாக வாங்குங்கள், கம்ப்யூட்டரில் டிசைன் ஏற்றியதும் பூட்டிவிட்டு மெஷினில் போடுங்கள் என்றார்.

"முக்கியமா ஒண்ணு. இந்தக் குச்சி போன இடத்துக்கெல்லாம் சொல்லிடணும். அவங்ககிட்ட இருந்தா நாளைக்கே உங்களுக்குத் திரும்பி வரும்."

அவர் போனபின் இளையவள் போனை எடுத்தாள். மூத்தவள் அதைப் பிடுங்கினாள்.

"நீ பேசாத. நீ பேசினா நீதான்னு நினைப்பாங்க."

பொத்தான் மாஸ்டருக்குப் போட்டாள்.

"மாஸ்டர், அந்தப் புழு எங்ககிட்டருந்துதான் வந்தது. ஆள் அனுப்புறேன், சரி பண்ணிடுவாரு... இல்ல, சின்னது இல்ல. சினிமாவும் இல்ல. நான் வாங்கின மெஷின்ல இருந்தது... தெரியும், நான்தான் அவ மேல சொன்னேன். தப்பா சொன்னேன்... சிரிங்க, சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு இதையும் கேளுங்க. இனிமே அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, உங்க துணியை வேற இடத்துல குடுத்துக்கோங்க."

வைத்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"அடுத்து யாரு? ஓட்டல்காரரா?"

"அவர் எடுத்துட்டுப் போகலக்கா. சீருடைக்காரர்."

"நம்பர் சொல்லு."

இளையவள் சொன்னாள்.