உறவு கூடாத வீடு

"நாளைக்கு அங்க வந்து வாயைத் திறந்தே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன்," என்றாள் குர்தியால் கௌர், இஸ்திரி போட்ட வெள்ளைத் துணிகளைக் கட்டிலில் அடுக்கியபடி.

அடுப்பருகே மாவு பிசைந்துகொண்டிருந்த மருமகள் ராஜ்வந்த் நிமிரவில்லை. "வாயைத் திறக்காம அமிர்தம் எப்படிக் குடிக்கிறது பீஜி?"

"பாத்தியா, இந்தக் கொழுப்பைத்தான் சொல்றேன்." மாமியார் முற்றத்தைப் பார்த்துக் கத்தினாள். "டேய் ஜக்தேவ்! உன் பொண்டாட்டி என்னை எடுத்தெறிஞ்சு பேசுறா. நீ அங்க போன்ல யார்கிட்ட கொஞ்சிக்கிட்டிருக்கே?"

டிராக்டரில் சாய்ந்து நின்ற ஜக்தேவ் 'சும்மா இரு' என்று கையைக் காட்டினான். அவன் பேச்சு சமையலறைக்கு நன்றாகவே கேட்டது. "திங்கட்கிழமை காலையில வந்துருங்க. ஆமா, நாலாவது மாசம். போன தடவை நின்ன அதே செங்கல் சூளைக்குப் பின்னாடி. எழுதியெல்லாம் தர வேண்டாம், வாயால சொன்னாப் போதும்."

ராஜ்வந்தின் கை மாவுக்குள் அப்படியே நின்றது.

ஸ்கேன் கருவியைக் காருக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற சட்டம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் பலகையாகத் தொங்கியது. காரில் பலகை மாட்ட இடமில்லை. அவளுடைய மூத்த பெண் நூருக்கு ஆறு வயது. "இங்க பள்ளிக்கூடம் சரியில்ல, அங்கேயே வளரட்டும்" என்று அவளை ராஜ்வந்தின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு தடவை அந்தக் கார் வந்தது. இரண்டு தடவையும் டவுனில் ஒரு மாடிப்படி ஏறி, கருவை அங்கே விட்டு வெறும் வயிற்றோடு இறங்கி வந்தாள். வீடு திரும்பியதும் மாமியார் நெய் ஒழுக ஒழுகப் பஞ்சீரி கிண்டித் தந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பண்டம். "தின்னு. உடம்பு தேறினாத்தானே அடுத்தது நிக்கும்?"

இந்த முறையும் வயிற்றில் இருப்பது பெண்ணென்றால் செவ்வாய்க்கிழமை மாடிப்படி.

அதற்கு முன்னால் அமிர்தம். மாமனார் நச்சத்தர் சிங்குக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. பாபா வஸாவா சிங் அறக்கட்டளையின் தலைவர் பதவி காலியாகியிருந்தது. ஆலை, நிலம், இரண்டு கல்லூரி எல்லாம் அதன் கையில். தலைவராக வருகிறவர் குடும்பத்தோடு அமிர்தம் குடித்துச் சீக்கிய தீட்சை ஏற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நச்சத்தர் சிங் கோதுமை விதைத்த நாளிலிருந்து தாடியில் கத்திரி படவிடவில்லை. மாலையில் ஊற்றிக்கொள்வதையும் நிறுத்தியிருந்தார். குறைந்தபட்சம் முற்றத்தில் ஊற்றிக்கொள்வதை. பாபாவின் நினைவு நாளை ஒட்டிச் சனிக்கிழமை அமிர்தம், ஞாயிற்றுக்கிழமை மேடையில் தலைவர் மரியாதை. எல்லாம் பேசி முடித்தாயிற்று.

பாபா வஸாவா சிங்கைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது மல்லூவால் ஊரில் அதிகம் இல்லை. கால்வாய்க் கரையில் யாரோ போட்டுவிட்டுப் போன பெண் சிசுவை எடுத்து வளர்த்தவர் அவர். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ரொட்டியை வாங்கும் முன் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் பெயரைக் கேட்பார். பெண்ணைப் பிறந்ததும் பானையில் போட்டுப் புதைத்த வீடு என்று தெரிந்தால் மோர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். சாபம் விடமாட்டார், திட்டமாட்டார். அந்தத் தெருவில் அதன் பிறகு நடக்கவே மாட்டார். பெரிய மனிதர்கள் வீடுகளே அப்படி விலக்கப்பட்டதால் பலருக்கு அவர்மேல் எரிச்சல் இருந்தது. இறந்த பிறகு எல்லோருக்கும் பக்தி வந்தது. அவர் குடிசை இருந்த இடத்தில் பளிங்கு மண்டபம் எழுந்தது. அங்கே இப்போது பெண்கள் வரிசையில் நின்று மந்திரித்த கிராம்பு வாங்கிப் போகிறார்கள். ஆண்பிள்ளை பிறக்குமாம்.

சனிக்கிழமை காலை டிராக்டர் டிரெய்லரில் தெருவே ஏறிக்கொண்டது.

"குர்தியாலோ, அமிர்தம் குடிச்சிட்டா மருமகளைத் திட்ட முடியாதே, என்ன பண்ணப் போறே?" என்று பக்கத்து வீட்டு பல்பீர் கிண்டினாள்.

"திட்டக் கூடாதுன்னு எந்தக் குரு சொன்னாரு? முடியை வெட்டாதே, புகையிலையைத் தொடாதேன்னுதான் சொன்னாரு."

டிரெய்லர் முழுக்கச் சிரிப்பு. பல்பீர் ராஜ்வந்தின் வயிற்றைத் தட்டினாள். "கிராம்பு வாங்கினியாடி? ரெண்டா வாங்கிக்கோ. உனக்கு ஒண்ணு பத்தாது போலிருக்கு."

"நீங்க மூணு வாங்கினீங்களே அக்கா," என்றாள் ராஜ்வந்த். "மூணுக்கும் என்ன ஆச்சுன்னு நான் கேட்டேனா?"

பல்பீரின் சிரிப்பு பாதியில் நின்றது. மாமியார் ராஜ்வந்தின் தொடையைத் துணியோடு சேர்த்துத் திருகினாள். வழியெல்லாம் திருகிய பிடியை விடவில்லை.

அமிர்தம் கொடுக்கும் கூடத்தில் கதவைச் சாத்தினார்கள். வாசலில் வாளோடு காவல். உள்ளே புனித நூலின் முன் ஐந்து அன்பர்கள் இரும்புப் பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து, தண்ணீரில் சர்க்கரை வில்லைகளைப் போட்டு, இருமுனைக் கத்தியால் கலக்கியபடி பாடல்களை ஓதினார்கள். ஏற்க வந்தவர்கள் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி வீரர் போல உட்கார்ந்திருந்தார்கள். நச்சத்தர் சிங்குக்கு மூட்டு வலி. நெளிந்தார். கண்ணில் தெளித்தார்கள், உச்சியில் தெளித்தார்கள், கையில் ஊற்றிக் குடிக்கச் சொன்னார்கள். மீதியை ஒரே பாத்திரத்தில் வாய் வைத்து எல்லோரும் குடித்தார்கள். தோல் தொழிலாளி குடித்த விளிம்பு தன்னிடம் வந்தபோது மாமியார் தலையைத் திருப்பி, துப்பட்டாவால் துடைத்துவிட்டுக் குடித்தாள்.

பிறகு ஐவரில் இளையவரான ஹர்சரண் சிங் நெறிகளைச் சொன்னார். ராணுவத்திலிருந்து வந்தவர். உத்தரவு வாசிப்பதுபோல உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "சம்மதம்" என்று கூட்டம் முனகியது. முடி, புகையிலை, பிறன்மனை. நச்சத்தர் சிங் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகச் சம்மதம் சொன்னார்.

"பத்தாவது குரு வகுத்த நெறி. பெண் மகவைக் கொல்லக் கூடாது. கொன்றவரோடு உறவு கூடாது. அவர் வீட்டில் உண்ணக் கூடாது, அவருக்கு ஊட்டக் கூடாது. உறவு வைத்தவரும் குற்றவாளி. சம்மதமா?"

"சம்மதம்," என்றார் நச்சத்தர் சிங்.

"சம்மதம்," என்றாள் குர்தியால் கௌர்.

ராஜ்வந்த் எழுந்து நின்று கைகூப்பினாள்.

"சம்மதம் பாய் சாகிப். ஒரு சந்தேகம். அந்த மாதிரி வீட்டுலதான் ஒருத்தி குடியிருக்கான்னா, அவ இன்னைக்கு ராத்திரி எங்க போய்ச் சாப்பிடணும்?"

மாமியார் அவள் சல்வாரைப் பிடித்து இழுத்தாள். "உட்காருடி. அவளுக்குப் புத்தி சரியில்லைங்க, மாசமா இருக்கா."

"யார் வீடு?" என்று கேட்டார் ஹர்சரண் சிங்.

"என் வீடு. ரெண்டு தடவை. நான்தான் மாடி ஏறினேன். ஏறிட்டு வந்து அவங்களுக்கே ரொட்டி சுட்டுப் போட்டேன். திங்கட்கிழமை மறுபடியும் கார் வருது."

"பொய்!" என்று ஜக்தேவ் எழுந்தான். ஊன்றிய கால் மரத்துப்போய் மீண்டும் உட்கார்ந்துவிட்டான்.

ஐவரின் தலைவர் பிஷன் சிங் தொண்டையைச் செருமினார். மண்டபத்தின் பளிங்குக்கு யார் பணம் கொடுத்தது என்பது அவருக்குத் தெரியும். "பீபி, இதெல்லாம் அந்தக் காலத்துக்குச் சொன்னது. குழந்தை பிறந்தப்புறம் கொன்னாங்க பாரு, அதுக்கு. இது டாக்டர் சமாச்சாரம். நாங்க என்ன போலீஸா?"

"அந்தக் காலத்து விதின்னா எதுக்குங்க இப்ப சம்மதம் கேட்டீங்க?"

ஐவரும் திரைக்குப் பின்னால் போனார்கள். தணிந்த குரல்களும், நடுவில் ஹர்சரண் சிங்கின் உரத்த குரலும் கேட்டன. ஐவரும் ஒருமனதாக இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. வெகுநேரம் கழித்து வந்தார்கள். இளையவரின் முகம் சிவந்திருந்தது.

பிஷன் சிங் நூலுக்கு முன்னால் நின்று தீர்ப்பைச் சொன்னார். "அந்த வீட்டார் யாரும் குற்றத்தை ஒத்துக்கல. ஒத்துக்காதவங்களுக்குத் தண்டனை கிடையாது. இந்தப் பெண் ஒத்துக்கிட்டா. பெண்ணைக் கொன்னவங்களோட உறவு வச்சிருந்தேன்னு அவளே சொல்றா. அதனால தண்டனை அவளுக்குத்தான். விழா முடியுற வரைக்கும் இங்கேயே தங்கி, செருப்பு வைக்குற இடத்துல வர்றவங்க செருப்பைத் துடைக்கணும். யார் கேட்டாலும் செஞ்ச குற்றத்தை மறைக்காம சொல்லணும். அது பாபா வச்ச வழக்கம்."

கடைசி வரியைப் பழக்க தோஷத்தில் சொன்னார். எந்தத் தண்டனைக்கும் சேர்த்துச் சொல்லும் வரி அது.

"ஏத்துக்கறேன்," என்றாள் ராஜ்வந்த். "தண்டனை முடிஞ்சப்புறம்? அந்த விதி எனக்கு உண்டா, இல்லையா?"

பிஷன் சிங் நூலைப் பார்த்தார். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "விதி விதிதான்," என்றார், எரிச்சலோடு.

வெளியே வந்ததும் மாமனார் அவளிடம் ஒரே வாக்கியம்தான் பேசினார். "நாலு நாள் செருப்பு துடைச்சா திமிர் இறங்கும்." தண்டனை அவளுக்கு என்பதில் அவருக்கு ஏகத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. செருப்பு வைக்கும் இடத்தில் மரத்தடுப்புக்குப் பின்னால், கழுத்தில் துண்டோடு ராஜ்வந்த் உட்கார்ந்திருந்தாள். செருப்பை வாங்குவாள், துடைப்பாள், எண் போட்ட அடையாள வில்லையைக் கொடுப்பாள். கழுத்துத் துண்டு என்றால் தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். என்ன தண்டனை என்று கேட்காமல் போக யாருக்கும் மனசு வராது.

"பாத்தா நல்ல வீட்டுப் பொண்ணா இருக்கே, என்னம்மா பண்ணினே?"

"பொண்ணுங்களைக் கொன்ன வீட்டுல சமைச்சுப் போட்டேன்."

"அட பாவமே! எந்த வீடு?"

"மல்லூவால் நச்சத்தர் சிங் வீடு."

"தலைவரா வரப் போறவரா?"

"அவர்தான்."

சிலர் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஒருவன், "புருஷன் வீட்டு மானத்தைச் செருப்போட சேத்து அடுக்குறா பாரு," என்று காறித் துப்பினான். ஒரு கிழவர் செருப்பைத் தடுப்பின்மேல் வீசினார். அது அவள் தோளில் பட்டு விழுந்தது. எடுத்துத் துடைத்து, வில்லையை நீட்டினாள். அவள் தடுப்புக்கு முன்னால் வரிசை சுருங்கிக்கொண்டே வந்தது. தங்கள் வீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தவர்கள் அடுத்த தடுப்புக்கு நகர்ந்தார்கள். பல்பீர் வந்து வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"என் செருப்பை வாங்குவியாடி?"

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலையே அக்கா."

பல்பீர் செருப்பைக் கொடுத்தாள். வில்லையை வாங்க மறந்து போய்விட்டாள்.

மதியம் ஜக்தேவ் வந்தான். தடுப்பின்மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "கிளம்பு. ஊரே சிரிக்குது. மீதி நாளுக்கு அப்பா காசு கட்டிருவாரு."

"விழா முடியலையே."

"நாளைக்குக் காலையில போகணும், மறந்துட்டியா?"

"எங்க?"

"எங்கன்னு தெரியாதா?"

"தெரியல. சத்தமா சொல்லுங்க. இவ்வளவு பேர் நிக்குறாங்க, இவங்க முன்னாடி எங்கன்னு சொல்லுங்க. இப்பவே எழுந்து வர்றேன்."

ஜக்தேவ் சுற்றும் பார்த்தான். வரிசை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்டனை முடியுது," என்றாள் ராஜ்வந்த், அடுத்த செருப்பை எடுத்தபடி. "அண்ணன் நூரைக் கூட்டிக்கிட்டு வர்றாரு. நான் அவங்களோட போறேன். அந்த வீட்டுல சாப்பிட்டா மறுபடியும் குத்தவாளி ஆயிருவேன். விதி விதிதான்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"கொன்னுருவேன்."

"அதையாவது சத்தமா சொல்லுங்க."

அப்போது ஒலிபெருக்கி நச்சத்தர் சிங்கை மேடைக்கு அழைத்தது. அவர் வெள்ளை உடுப்பில், கரும்பு ஆலை அதிபர்கள் இருவர் சூழ நேராக இந்தத் தடுப்புக்கே வந்தார். மற்ற தடுப்புகளில் கூட்டம் நெரிந்தது. இங்கே மட்டும் இடம் இருந்தது. ஜரிகை வேலை செய்த செருப்பைக் கழற்றி, மருமகளின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

ராஜ்வந்த் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் பாபுஜி. தொடக் கூடாது."

"என்ன?"

"உங்களோட எனக்கு உறவு கூடாது."

நீட்டிய கை அப்படியே இருந்தது. ஒலிபெருக்கி இரண்டாம் முறை பெயரைச் சொன்னது. செருப்போடு உள்ளே போக முடியாது. தரையில் விட்டுப் போனால் அந்தக் கூட்டத்தில் திரும்பக் கிடைக்காது, அதைவிட ஊர் பார்க்கும். பக்கத்துத் தடுப்பில் சேவை செய்தவர்கள் எல்லோரும் திடீரென்று செருப்பு துடைப்பதில் மும்முரமானார்கள். அதிபர்கள் இருவரும் கொடிமரத்தை வணங்கத் திரும்பினார்கள். மூன்றாம் முறை பெயர் ஒலித்தபோது நச்சத்தர் சிங் செருப்பை மகன் கையில் திணித்துவிட்டு, வெறுங்காலோடு வேகமாக உள்ளே போனார்.

ஜக்தேவ் தடுப்புக்கு இந்தப் பக்கம், இரண்டு கையிலும் அப்பாவின் செருப்பைப் பிடித்தபடி நின்றான். வெயிலுக்குத் தலைப்பாகைத் துணியின் நுனியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தான். பக்கத்து ஊரிலிருந்து அப்போதுதான் வண்டியில் வந்து இறங்கிய ஒரு கிழவி, தன் செருப்பையும் அவனிடம் நீட்டி, பரிவோடு கேட்டாள்:

"நீ என்ன குத்தம் பண்ணினே மகனே?"