சனிக்கிழமை வந்த குஞ்சுகள்

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே குணேஸ்வரியின் வலது தோள் அடம்பிடித்தது. கையைத் தூக்கிக் கொண்டை முடிய முடியவில்லை. இடது கையால் தலைமயிரை வாரிச் சுருட்டி ஒரு கிளிப்பைக் குத்திக்கொண்டாள்.

கோழி வெட்டும் பக்ரறியில் இருபது வருசத்துக்கு மேல் உழைத்த தோள் அது. ஓடுகிற சங்கிலியில் கொக்கி வரும். உயிர்க்கோழியைக் காலில் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் கொளுவ வேண்டும். கொளுவி முடிய முன்னம் அடுத்த கொக்கி வந்து நிற்கும். மூக்கைச் சொறிய நேரம் இராது. அந்த வரிசைக்கு வந்த திடகாத்திரமான ஆம்பிளைகள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார்கள். அவள் நின்றாள். அதில் அவளுக்கு ஒரு திமிர். தோள் போனாலும் திமிர் போகவில்லை.

இனி அந்த வேலை வேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, பியர்பொன்ட்ஸ் புறநகரிலுள்ள வீட்டில் குந்தியிருந்து நாடகம் பார்க்க அவளால் ஏலவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கத் தீவான இல்-பிசாரில் குதிரை வளர்க்கும் ஒருவரின் பழைய கொட்டிலை வாடகைக்கு எடுத்தாள். கழுத்தில் இறகே இல்லாத ஓர் இனக் கோழி இருக்கிறது. இறைச்சி ஊர்க்கோழி மாதிரி இறுக்கமாக இருக்கும், குழம்பில் கரையாது. ஒன்ராறியோவில் ஒரு பண்ணை அந்தக் குஞ்சுகளைப் பார்சலில் அனுப்புகிறது என்று கண்டுபிடித்தவளும் அவள், நூறு குஞ்சுக்கு ஓடர் கொடுத்தவளும் அவள். பக்ரறியில் அவளோடு வேலைசெய்த அக்னெஸ் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உயிரோட பெட்டிக்குள்ள போட்டு அனுப்புவினமோ? பூ அனுப்புற மாதிரி?"

"ஓமடி."

"அதுவும் கழுத்து உரிஞ்ச கோழி. ஆரடி அதை வாங்கப்போகினம்?"

"நீதான் முதல் ஆளா வருவாய். இருந்து பார்."

பண்ணைக்காரர்கள் திங்கட்கிழமை அனுப்பி, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரச்செய்வதுதான் வழக்கம். அங்கேதான் பிழை நடந்தது. செவ்வாய்க்கிழமையில் உயிருள்ள எதையும் புதிதாக வாங்கி வாசலேற்ற மாட்டாள் குணேஸ்வரி. அவளுடைய கணவர் பேரின்பநாதன் அதற்கும் மேலே.

"இஞ்சரும், செவ்வாயில எடுத்தது ஒண்டும் நிலைக்காது. வெள்ளிக்கிழமைக்கு மாத்தும்" என்றார்.

"அதைத்தான் நானும் யோசிச்சனான்."

உடனே ரெலிபோன் எடுத்தாள். பண்ணையில் பேசிய பெண் நல்லபடியாகத்தான் எச்சரித்தாள். சனி, ஞாயிறு, திங்கள் என்று மே மாதத்து நீண்ட லீவு வருகிறது, வெள்ளி தவறினால் பெட்டி எங்கேயாவது மாட்டுப்படும் என்றாள். குணேஸ்வரி கேட்கவில்லை. வெள்ளி லட்சுமிக்கு உகந்த நாள், அது எப்படித் தவறும்?

வெள்ளி தவறியது.

காலையிலிருந்து கொட்டிலில் சூட்டு விளக்கு எரிந்தது. மரச்சீவல் பரப்பி, தண்ணீரில் சீனி கரைத்து வைத்திருந்தாள். பொழுதுபட்டும் ஒருவரும் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை போனில் செய்தி விழுந்தது.

முட்டையிலிருந்து பொரித்து வந்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். தீனும் தண்ணீரும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் அதிலே தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் இழுக்காது. இது அவளுக்குத் தெரியும்.

"பெட்டி எயார்போட் பக்கம் பார்சல் டிப்போவில கிடக்குதாம். செவ்வாய்க்கிழமைதான் கொண்டு வருவினமாம்" என்றாள்.

பேரின்பநாதன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "செவ்வாயோ?"

"ஓம். நீங்களும் நானும் வேண்டாமெண்ட அதே செவ்வாய். இப்ப உயிரோட வராது, அவ்வளவுதான் வித்தியாசம். வானை எடுங்கோ, போவம்."

டிப்போவின் முன்கதவு பூட்டியிருந்தது. அவள் மதிலோரமாக நடந்து, லொறிகள் பின்பக்கமாக வந்து சாமான் இறக்கும் மேடைக்குப் போனாள். ஒரு கையில் சீனித்தண்ணீர்ப் போத்தல்.

"இஞ்சரும், வெளியாக்கள் வரக்கூடாதெண்டு போர்ட் போட்டிருக்கு!"

"வாசிச்சது நீங்கள். நான் வாசிக்கேல்லை."

மேடையில் செம்மஞ்சள் அங்கியோடு ஒரு பெண் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். குணேஸ்வரியின் வயதுதான் இருக்கும். நெஞ்சில் செலீன் என்று பெயர் குத்தியிருந்தது. குணேஸ்வரியின் பிரெஞ்சு பக்ரறியில் படித்தது. இலக்கணம் கிடையாது, சத்தம் உண்டு. குஞ்சு, பெட்டி, உயிர் என்று மூன்று சொல்லில் விசயத்தைப் போட்டு உடைத்தாள்.

"மூடியாச்சு, மதாம். செவ்வாய்க்கிழமை வாங்கோ."

"செவ்வாய்க்கிழமை எல்லாம் செத்துக் கிடக்கும். செத்த கோழி நான் நிறையப் பாத்திட்டன். நீங்கள் எல்லாரும் தின்னுற கோழியை நான்தான் கொளுவினனான்." பக்ரறியின் பெயரைச் சொன்னாள்.

செலீன் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "கொளுவுற இடத்திலயா? நீங்களா? என்ர தம்பி அங்க ரெண்டு கிழமை நிண்டவன்."

"ரெண்டு கிழமையோ? அப்ப கெட்டிக்காரன்."

செலீன் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறியது. "லீவு நாளில ஒண்டையும் வெளியில குடுக்கக் கூடாது. குடுத்தா என்ர கையெழுத்தில குடுக்கவேணும். பிரச்சினை வந்தா என்ர தலையில."

குணேஸ்வரி கெஞ்சவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை. "இவ்வளவு நாளும் சாகிறதுக்குத்தான் கோழி தூக்கினனான். இதுகளை வளக்கப்போறன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

செலீன் சிகரெட்டைச் சப்பாத்தால் நசுக்கினார். "நில்லுங்கோ."

அவர் தள்ளிக்கொண்டு வந்த பெட்டியில் காற்றுக்கென்று ஓட்டைகள் போட்டிருந்தன. அவற்றில் பாதியை அடைத்தபடி வேறொரு பார்சல் மேலே ஏறியிருந்தது. சத்தமே இல்லை. குணேஸ்வரி மூடியைத் திறந்தாள். குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. சில விறைத்துவிட்டன. சில கழுத்தை நீட்டிப் படுத்திருந்தன, கண் மட்டும் அசைந்தது.

தோள்வலி எங்கே போனதோ தெரியாது. மேடையிலேயே முழந்தாளில் இருந்தாள். போத்தல் மூடியில் சீனித்தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றாக எடுத்து அலகு நுனியைத் தோய்த்தாள். பக்ரறி வேகம் இன்னும் கையில் இருந்தது. எடு, தோய், வை. குளிர்ந்து போனவற்றைச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு போட்டுக்கொண்டாள். செலீன் தன் அறைக்குள்ளிருந்த சின்ன ஹீற்றரை வயரோடு இழுத்து வந்து வைத்துவிட்டுத் தானும் முழந்தாளில் இருந்தார்.

"மெல்ல, மதாம். மூக்கு நனையக் கூடாது" என்றாள் குணேஸ்வரி.

"சரி, பொஸ்."

அரை உயிராய்க் கிடந்த ஒன்று தலையைத் தூக்கிக் கீச்சிட்டது. பிறகு இன்னொன்று. பிறகு பெட்டி முழுக்க ஒரே சத்தம். பேரின்பநாதன் அப்படியே நின்று பார்த்தார். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் தன் மனைவி வேலைசெய்வதை அவர் நேரில் பார்த்தது அன்றுதான்.

இருபதுக்குக் கிட்டச் செத்துப்போயின. மற்றவை பிழைத்தன. செலீன் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னாள் குணேஸ்வரி.

"மெர்சியை வைச்சு நான் என்ன செய்ய? வளந்த பிறகு முட்டையிடுற பேடு ஒண்டு தாங்கோ. வீட்டுக்குப் பின்னால எனக்கு வளவு இருக்கு."

"தாறன். நல்லதாப் பாத்துத் தாறன்."

வானுக்குள் அடுப்படி மாதிரிச் சூடு. பேரின்பநாதனுக்கு வியர்வை நாடியால் வழிந்தது. பாலம் தாண்டும்போது மெல்லத் தொடங்கினார். "இண்டைக்குச் சனிக்கிழமை..."

"வாயை மூடிக்கொண்டு ஹீற்றரைக் கூட்டுங்கோ."

அவளுடைய சட்டைக்குள்ளிருந்து ஒரு குஞ்சு அதையே திருப்பிச் சொன்ன மாதிரிக் கத்தியது. அவர் சிரித்த சிரிப்பில் வான் ஒருமுறை ஆடியது.

இலை சிவக்கத் தொடங்கியபோது கொட்டில் வாசலில் கார்கள் நின்றன. முதல் ஆளாக வந்தது அக்னெஸ். சமைத்துத் தின்றுவிட்டு மறுநாளே போன் எடுத்தாள்.

"அடியே குணம், இதெல்லோ கோழி! இன்னும் ரெண்டு எடுத்து வை."

"கழுத்து உரிஞ்சது, பரவாயில்லையோ?"

"சும்மா இரடி."

வந்தவர்களுக்கெல்லாம் பேரின்பநாதன் கதை சொன்னார். தான் எதுவும் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். "மனிசி நெஞ்சுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்த குஞ்சுகள்" என்று அவர் சொல்லும்போது, குணேஸ்வரி தீன்வாளியோடு கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள். அடுத்த ஓடரைச் செவ்வாய்க்கிழமைக்கே போட்டாள். பெட்டி வந்தபோது பேரின்பநாதன் வாசலில் கற்பூரம் கொளுத்தினார். அவள் தடுக்கவில்லை. கற்பூரம் குஞ்சைக் கொல்லாது, லீவு நாள்தான் கொல்லும்.

இருந்ததில் நல்ல பேட்டைத் தெரிந்தெடுத்து, முட்டையிடத் தொடங்கியதும் பெட்டியில் போட்டு டிப்போவுக்குக் கொண்டுபோனாள். செலீன் அங்கே இல்லை. லீவு நாளில் பெட்டி கொடுத்ததற்காக அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள், எங்கே என்று சொல்ல முடியாது என்றார் மேடையில் நின்றவர். குணேஸ்வரி பெட்டியைத் திரும்பத் தூக்கினாள். பிறகு கோழியோடு திரும்பி வந்தாள்.

அந்தப் பேடு இன்னும் கொட்டிலில்தான் நிற்கிறது. எவர் வந்து கேட்டாலும் அவள் விற்பதில்லை. செலீனுக்கு ஒரு பேடு கொடுக்கக் கிடக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.