ஹுனைஸ் கொடுத்த எதிரடி

சண்டை முடிந்த மறுவருடம் குறிஞ்சிப்பிட்டிக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தேன். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் இழுக்கும். எங்கள் பக்கம், இழுப்புக்குப் பாடும் அம்பாப் பாட்டின் முதலடியைப் பாடுபவன் உசனார். தூரத்தில் நிற்கும் மற்றக் கூட்டத்தில் எதிரடி கொடுப்பவன் அவனுடைய தம்பி ஹுனைஸ். தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்கள் சனத்தை விரட்டியபோது சிறுவர்களாக வந்த சோடி. இவர்கள் பாட்டுக்கு மீன் சிரித்தே செத்துவிடும் என்று நான் கேலி பண்ணுவேன்.

தோணி தள்ளிய காலத்திலிருந்தே எங்களுக்கு அம்பா இருவர் பாட்டுத்தான். பொழுதுபோக்குக்குப் பாடுவதில்லை. எதிரடி வந்தால், மறுமுனையில் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள், இழுக்கலாம் என்று பொருள். வராவிட்டால் இழுக்கக் கூடாது. பனி நாளில் கண்ணுக்கு வேலையே இல்லை, காது சொன்னால் போதும்.

அன்றைக்கும் பனி. வலை கல்லில் மாட்டிவிட்டது, விடுவிக்க ஹுனைஸ் தண்ணிக்குள் சுழியோடியிருக்கிறான் என்று சொல்லியனுப்பினார்கள். கயிற்றைத் தளர்த்திக்கொண்டு நின்றோம். உசனார் முதலடி பாடினான். பதில் இல்லை. மறுபடி பாடினான். அப்போது எதிரடி வந்தது. ஹுனைஸின் குரலேதான்.

"ஜபார், வந்துட்டான்டா! இழுங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான் உசனார்.

சந்தோஷத்தில் ஒரே மூச்சாக இழுத்தோம். அடிக்கு அடி பதில் வந்தது.

பனிக்குள்ளிருந்து மறுபக்கத்து றஸீன் ஓடிவந்தான். "இழுக்காதீங்க! ஹுனைஸ் இன்னும் மேல வரல்ல!"

"அப்ப பாடுறது யாரு?" என்றான் உசனார்.

"எங்கட பக்கம் ஒருத்தரும் பாடல்ல, உசனார் காக்கா."

கயிற்றைப் போட்டுவிட்டுக் கடலில் பாய்ந்தோம். ஹுனைஸின் கழுத்தில் வலை சுற்றி, நாங்கள் இழுத்த இழுப்பில் இறுகி, உயிர் போயிருந்தது. அல்லாஹ் மேல் ஆணையாக, அந்தக் குரலை நான் மன்னிக்கவே மாட்டேன்.

ஹுனைஸின் மையித்தை மணலில் கிடத்தினோம். உசனார் தம்பியின் தலைமாட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தான். அப்போது கடலிலிருந்து அதே குரல் எழுந்தது. இம்முறை அது முதலடியைப் பாடியது. பாடிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது.

உசனார் வாயைத் திறந்தான். எதிரடி கிடைத்தால் அது இழுக்கும்; பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். என் கையைப் பிடுங்கித் தள்ளினான்.

"விடுடா, என்ட தம்பி கூப்புடுறான்!"

திரும்பவும் பொத்தினேன். கடித்தான், ரத்தம் வந்தது. கடல் இன்னொரு தடவை பாடியது. நான் கையை எடுக்கவில்லை.